புதுப்பிப்பு: முட்டை வடிவ வளையம் இப்போது வட்டமாகிறது

எனது மாதிரி விமானம் போடும் செங்குத்து வளையம் முட்டை போல நீள்வதையும், முடிவில் வலப்பக்கம் திருகிக்கொண்டு வெளியேறுவதையும் பற்றிச் சிறுபோக விதைப்புக் காலத்தில் இங்கே கேட்டிருந்தேன்.

திருகலுக்குக் காரணம் எடை. வவுனியா அண்ணா ஒருவர் சொன்னபடி, மூக்கிலும் வாலிலும் நூல் கட்டி விமானத்தைத் தூக்கிப் பார்த்தபோது வலது இறக்கை மெதுவாகத் தாழ்ந்தது. இடது இறக்கை நுனியில் இரண்டு ரூபாய்க் குற்றி ஒன்றை ஒட்டியதும் அது சமநிலைக்கு வந்தது. நேர்ப்பறப்பில் கண்ணுக்குத் தெரியாத இச்சிறு வேறுபாடு, வளையத்தில் இறக்கைகளின் மேல் சுமை ஏறும்போதே வெளிப்படுகிறது.

வடிவம் கெட்டதற்கு என் விரலே காரணம். உச்சியில் வேகம் குறைந்து, புவியீர்ப்பும் விமானத்தை உள்நோக்கி இழுக்கையில், எலிவேற்றரை (மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால் தகட்டை) அதே அளவில் பிடித்திருந்தால் வளைவு அங்கே இறுகிவிடும். ஆகவே ஏறும்போது முழு உந்துவிசை கொடுத்து, உச்சியை நெருங்குகையில் எலிவேற்றரைச் சற்றுத் தளர்த்தி, தலைகீழானதும் உந்துவிசையைக் குறைத்து, இறங்கும்போது மீண்டும் மெல்ல இழுக்கிறேன். 1913 செப்டெம்பர் 9 அன்று கீவ் நகரின் மேல் ரஷ்ய விமானி நெஸ்தெரோவ் உலகின் முதல் வளையத்தை இதே ஈர்ப்புக்கு எதிராகத்தான் போட்டார் என்பதை நினைக்க மெய்சிலிர்க்கிறது.

சோளகம் எனும் தென்மேல் காற்றுத் தணியாத நாள்களில் காற்றை எதிர்த்தே தொடங்குகிறேன். ஆயினும் வளையத்தின் உச்சி காற்றோடு பின்தள்ளப்படுகிறது. முரசுமோட்டையில் அறுவடை முடிந்த வயலில், நேற்று மாலை பத்தில் ஆறு வளையங்கள் தொடங்கிய உயரத்திலேயே முடிந்தன.