பழைய பிஎச்பி படிவத்தை ஜாங்கோவுக்குள் வைப்பது எப்படி?

கேள்வி:

ஒரு விண்ணப்பப் படிவம் பல வருடங்களாக பிஎச்பியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர், மின்னஞ்சல், முகவரி, ஒரு புகைப்படம், அவ்வளவுதான். அனுப்பும் பொத்தானை அழுத்தினால் ஒரு ஸ்கிரிப்ட் அதை வாங்கி டேட்டாபேஸில் போட்டுவிடும். இப்போது தளம் முழுவதையும், பைத்தான் மொழியில் தளம் எழுத உதவும் ஜாங்கோவுக்கு மாற்றுகிறேன். எச்டிஎம்எல்லை அப்படியே டெம்ப்ளேட்டில் ஒட்டினேன். படிவம் சரியாகத் தெரிகிறது, ஆனால் பொத்தானை அழுத்தினால் 404, அதாவது பக்கம் இல்லை என்கிறது. ஸ்கிரிப்டை, படங்கள் போன்ற மாறாத கோப்புகள் இருக்கும் ஸ்டாட்டிக் ஃபோல்டரில் வைத்து, படிவம் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் ஆக்‌ஷனில் அந்த முகவரியைக் கொடுத்தால், ஓடுவதற்குப் பதில் கோப்பாக டவுன்லோட் ஆகிறது. ஆக்‌ஷனை எடுத்துவிட்டால் 403, சிஎஸ்ஆர்எஃப் சரிபார்ப்பு தோல்வி என்கிறது. அந்தச் சரிபார்ப்பிலிருந்து விலக்குத் தரும் சிஎஸ்ஆர்எஃப் எக்ஸெம்ப்ட் போட்டால் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். போடலாமா? ஸ்கிரிப்டை எங்கே வைத்தால் ஓடும்?

பதில் 1:

மற்றதெல்லாம் அப்புறம். அந்த பிஎச்பி கோப்பை ஸ்டாட்டிக் ஃபோல்டரிலிருந்து முதலில் எடுங்கள். உங்களுக்கு டவுன்லோட் ஆகிறது என்றால், அந்த முகவரியை அடிக்கும் யாருக்கும் ஆகும். திறந்து பாருங்கள், மேலே நாலாவது ஐந்தாவது வரியில் டேட்டாபேஸின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். லைவ் சர்வரில் கொஞ்ச நேரம் இருந்திருந்தாலும் பாஸ்வேர்டை இன்றே மாற்றிவிடுங்கள்.

எங்கே வைத்தால் ஓடும் என்று கேட்டீர்கள். ஜாங்கோவுக்குள் எங்கே வைத்தாலும் ஓடாது. பிஎச்பி உலகில் முகவரி என்பது ஒரு கோப்பு. கோப்பு அங்கே இருந்தால் சர்வர் அதை ஓட்டும். ஜாங்கோவில் முகவரிகளை யூஆர்எல்ஸ் கோப்பில் நாம் எழுதித் தருகிறோம், ஒவ்வொன்றும், கோரிக்கையை வாங்கிப் பதில் தரும் ஒரு வியூ ஃபங்ஷனுக்குப் போகிறது. ஆகவே ஸ்கிரிப்டை உள்ளே கொண்டுவர வழி தேடாதீர்கள். அது செய்யும் வேலையை வியூவில் எழுதுங்கள். நான் இந்த மாதிரி பழைய தளங்களை மாற்றுவதையே தொழிலாகச் செய்கிறேன். படிவ ஸ்கிரிப்ட் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதில் பாதி, காலியாக இருக்கிறதா, மின்னஞ்சல் சரியா என்ற சோதனைகள்தான். அதை ஜாங்கோவின் ஃபார்ம் கிளாஸ் பார்த்துக்கொள்ளும்.

படிவம் டெம்ப்ளேட்டிலேயே இருக்கட்டும். ஆக்‌ஷனைக் காலியாக விட்டால் அதே முகவரிக்கே வரும். கெட் கோரிக்கை (பக்கத்தைத் திறப்பது) வந்தால் வெற்றுப் படிவத்தைக் காட்டுங்கள். போஸ்ட் (படிவத்தை அனுப்புவது) வந்தால், சரிபார்க்கும் இஸ்_வேலிட் கூப்பிடுங்கள். சரியென்றால் கிளீன்ட்_டேட்டாவிலிருந்து சரிபார்த்த மதிப்புகளை எடுத்துச் சேமியுங்கள். தவறென்றால் அதே ஃபார்மை டெம்ப்ளேட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள். உள்ளீட்டுப் பெட்டிகளையும் ஜாங்கோவே வரைய விட்டால், ஒருவர் தட்டிய முகவரி அழியாமல் அப்படியே நிற்கும். புகைப்படம் மட்டும் நிற்காது. கோப்புப் பெட்டியை முன்கூட்டி நிரப்ப பிரவுசர் விடாது, மறுபடி தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். அதைப் பிழைச் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள், பாவம், பலர் கவனிக்கமாட்டார்கள்.

சேமித்ததும் நன்றிப் பக்கத்தை அங்கேயே ரெண்டர் செய்யாதீர்கள், வேறு முகவரிக்கு ரீடைரக்ட் செய்யுங்கள். இல்லையென்றால் ஒருவர் ரெஃப்ரெஷ் அழுத்தி, மறுபடி அனுப்பவா என்பதற்குச் சரி சொன்னால் அதே விண்ணப்பம் இரண்டு முறை பதிவாகும்.

சிஎஸ்ஆர்எஃப் எக்ஸெம்ப்ட் வேண்டவே வேண்டாம். வேறொரு தளத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படிவம் இருக்கிறது, அதன் ஆக்‌ஷன் உங்கள் முகவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தளத்தில் லாகின் செய்திருப்பவர் அந்தப் பக்கத்தைத் திறந்தால், அவர் பெயரிலேயே ஒரு கோரிக்கை உங்களுக்கு வந்துசேரலாம். அதைத் தடுக்கத்தான் அந்த 403. ஃபார்ம் டேகுக்குள் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் டேகை ஒரே ஒரு வரி சேருங்கள், போதும். ஒரு வரிக்குச் சோம்பல்பட்டு பாதுகாப்பையே கழற்றச் சொல்லும் ஆலோசனையைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

பதில் 2:

மேலே சொன்னதுதான் சரியான வழி. ஆனால் உடனே மாற்றி எழுத நேரம் இல்லையென்றால், முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் ஒரு பாதையை மட்டும், பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி எஃப்பிஎம்முக்குத் திருப்பிவிடலாம். பழைய படிவமும் ஸ்கிரிப்டும் ஜாங்கோவுக்குப் பக்கத்தில் தனியாக ஓடும். ஜாங்கோவில் லாகின் செய்தவர் யார் என்று மட்டும் பிஎச்பிக்குத் தெரியாது. பழைய படிவத்தை ஐஃப்ரேமில் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கம்) வைத்துக் காட்டினால், நன்றிப் பக்கம் ஜாங்கோவுடையதாக இருக்கக்கூடாது. ஜாங்கோ 3.0 முதல், ஃப்ரேமில் காட்டலாமா என்று பிரவுசருக்குச் சொல்லும் எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸ் டிஃபால்ட்டாக டினை (கூடாது) என்று போகிறது, ஃப்ரேமுக்குள் அந்தப் பக்கம் திறக்காது.

கேள்வி கேட்டவர்:

கோப்பை எடுத்து, பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். வியூ எழுதினேன், டோக்கன் சேர்த்ததும் 403 போய்விட்டது. பெயர், முகவரி எல்லாம் வருகிறது. புகைப்படம் மட்டும் தேர்ந்தெடுத்த பிறகும் கட்டாயம் தேவை என்கிறது. பழைய டேபிளில் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளையும் இழக்கக்கூடாது.

பதில் 1:

ஃபார்ம் டேகில், தகவலை எந்த வடிவில் அனுப்புவது என்று சொல்லும் என்க்டைப்பை மல்டிபார்ட் ஃபார்ம்-டேட்டா என்று கொடுத்திருக்கிறீர்களா? அது இல்லாவிட்டால் கோப்பின் பெயர் மட்டும்தான் வரும், கோப்பு வராது. வியூவில் ஃபார்மை உருவாக்கும்போது ரிக்வெஸ்ட்.போஸ்டுக்கு அடுத்ததாக ரிக்வெஸ்ட்.ஃபைல்ஸையும் கொடுங்கள். இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போயிருக்கும்.

பழைய டேபிளுக்கு இன்ஸ்பெக்ட்டிபி கட்டளையை ஓட்டுங்கள், இருக்கும் அமைப்பைப் பார்த்து, அந்த டேபிளைக் குறிக்கும் பைத்தான் கிளாஸான மாடலை அதுவே எழுதித் தரும். அதில் மேனேஜ்ட் ஃபால்ஸ் என்று இருக்கும். அதை மாற்றாதவரை, டேபிள் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் அந்த டேபிளைத் தொடாது. லைவுக்குப் போகும்போது இன்னொன்று: என்ஜின்எக்ஸ் டிஃபால்ட்டாக 1 எம்பிக்கு மேல் வாங்காது, போனில் எடுத்த படங்களுக்கு 413 (அனுப்பியது மிகப் பெரியது) தரும். கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸை ஏற்றி வையுங்கள்.