275க்கு 75: டாக்டர் சீட்டுக்குப் பழையபடி இன்டர்வியூ வேண்டுமா?

வடசேரிக்காரன்:
நேற்று நெய்யூர் பேரன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "நீட் மார்க்கை மட்டும் பார்த்துச் சேர்ப்பதால்தான் நோயாளி முகத்தையே பார்க்காத டாக்டர்கள் வருகிறார்கள், பழையபடி இன்டர்வியூ வைத்தால் நல்ல பிள்ளைகள் வருவார்கள்" என்கிறார். பழையபடி என்றால் எப்படி என்று அவருக்குத் தெரியுமா? 1970ல் நம் மாநிலத்தில் பி.யூ.சி. (காலேஜ் புகுமுக வகுப்பு) பாட மார்க் 200, இன்டர்வியூவுக்கு 75. மொத்தம் 275க்கு 75. அந்த வருஷம் போனவர் என் அப்பா. தாத்தா பனையேறி. பக்கத்து வீட்டு வாத்தியாரின் ஷூவைக் கடன் வாங்கி, முனையில் துணி திணித்துப் போட்டுக்கொண்டு போனார். முதல் கேள்வியே "அப்பா என்ன செய்கிறார்?" அப்புறம் ஒரு கேள்வி, அவ்வளவுதான். சீட் இல்லை. இன்டர்வியூ கார்டு இன்னும் தகரப்பெட்டியில் இருக்கிறது, நான்காக மடித்து, ஜெம் கிளிப் துருவோடு.

நெய்யூர் பேரன்:
அண்ணாச்சி, உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் நான் சொன்னது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அதாவது சி.எம்.சி. இன்டர்வியூ. அங்கே முன்பெல்லாம் மூன்று நாள் பிள்ளைகளைக் கூடவே வைத்துப் பார்ப்பார்கள். குழுவாக வேலை கொடுப்பார்கள், யார் விட்டுக்கொடுக்கிறார், யார் அடுத்தவரை அமுக்குகிறார் என்று கவனிப்பார்கள். படித்து முடித்ததும் அனுப்பிவைத்த மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை பார்க்க வேண்டும். அப்படி வந்தவர்களை எங்கள் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் சின்ன வயதிலிருந்தே பார்த்தவன் நான்.

வடசேரிக்காரன்:
மூன்று நாளோ மூன்று நிமிஷமோ, பேச்சை மாற்றாதீர். 275க்கு 75 சரியா தப்பா?

மார்த்தாண்டம் அப்பா:
என் மகளுக்கும் இன்டர்வியூ நடந்ததே, சென்னையில். பெரிய திரையில் எந்தக் காலேஜில் எத்தனை இடம் பாக்கி என்று ஓடிக்கொண்டிருந்தது. நம் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் இரண்டு இடம் இருந்தது, எங்கள் நம்பர் வருவதற்குள் ஒன்று போய்விட்டது. கை நடுங்கியது. யாரும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை, இதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

வடசேரிக்காரன்:
அது கவுன்சிலிங், இன்டர்வியூ இல்லை. கேள்வி கேட்காததால்தான் உங்கள் மகள் இன்று டாக்டர்! கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நெய்யூர் பேரன்:
நூற்றுக்கு 37 இன்டர்வியூவுக்கு என்றால் தப்புதான், யார் இல்லை என்றது?

வடசேரிக்காரன்:
37 எங்கிருந்து வந்தது? 200க்கு 75 என்று போட்டால் 37. நான் சொன்னது 275க்கு 75, நூற்றுக்கு 27. கணக்கே வராதவர் டாக்டரை எப்படித் தேர்வு செய்வது என்று பாடம் எடுக்கிறார். அந்த மெடிக்கல் சேர்க்கையை எதிர்த்துப் போட்ட பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்த 75 அதிகமாகத் தெரிகிறது என்று சொன்னது. அந்த 75ஐ எதற்கெல்லாம் பிரித்தார்கள் தெரியுமா? விளையாட்டு, என்.சி.சி., உடல் தாங்குசக்தி என்று தலைப்புகள். விடியுமுன் தாத்தாவோடு பனை ஏறி, அப்புறம் காலேஜுக்கு நடந்து போன ஆளுக்குத் தாங்குசக்திக்கு எத்தனை போட்டார்கள் என்று கடைசிவரை அப்பாவுக்குத் தெரியாது.

தக்கலை டீச்சர்:
இரண்டு பேரும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். நான் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறவள். நுழைவுத்தேர்வு போய் 2007லிருந்து பிளஸ் டூ மார்க்கில் எடுத்தார்களே, அதுதான் எங்கள் பிள்ளைகளுக்கு மரியாதையான காலம். 2017ல் நீட் வந்தபின் கோச்சிங்குக்குப் பணம் இல்லாதவள் வெளியே நின்றாள். 2020ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மெடிக்கல் சீட்டில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

வடசேரிக்காரன்:
டீச்சர், உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. மார்க் போதும், இன்டர்வியூ வேண்டாம்.

தக்கலை டீச்சர்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. நீட்டும் மார்க்தான், அது போதும் என்றா சொன்னேன்?

நெய்யூர் பேரன்:
டீச்சர் சொல்வதும் அதுதான், வெறும் மார்க் போதாது. சி.எம்.சி. 2017ல் நீட் மார்க்கை மட்டும் வைத்துப் பொதுக் கவுன்சிலிங்கில் சேர்க்க மாட்டோம் என்று எம்.பி.பி.எஸ். 100 இடத்தில் 99ஐக் காலியாகவே விட்டது. கொள்கை இல்லாமலா அப்படிச் செய்தார்கள்? எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர் அத்தனை வருஷம் நெய்யூரில் இருந்தாரே, அந்த மாதிரி ஆளை நீட்டின் 720 மார்க் கொண்டு வருமா?

வடசேரிக்காரன்:
சோமர்வெல்லை நெய்யூரில் யார் ஓய் இன்டர்வியூ எடுத்தது? அவராக வந்தார். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியை இழுக்காமல் உமக்கு ஒரு வாதமும் வராது. வடசேரியில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி இல்லையா? நாங்கள் அதைச் சொல்லிக்கொண்டா அலைகிறோம்?

நெய்யூர் பேரன்:
நெய்யூரில் 1838லிருந்து ஆஸ்பத்திரி இருக்கிறது. வடசேரி அதற்கு ரொம்பப் பின்னால். இது பெருமைக்குச் சொல்வதில்லை, வருஷக் கணக்கு.

வடசேரிக்காரன்:
வருஷக் கணக்கு வருகிறது, 75 கணக்கு மட்டும் வரவில்லை. போன வருஷம் ரயில் விவாதத்திலும் இதே மாதிரி உங்கள் ஊர்ப் பக்கத்து இரணியல் ஸ்டேஷனைக் கொண்டுவந்து நுழைத்தீர், நான் மறக்கவில்லை.

மார்த்தாண்டம் அப்பா:
எங்கள் பக்கம் அவசரம் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குத்தான் ஓடுகிறோம், அதையும் சொல்லுங்கள்.

வடசேரிக்காரன்:
அது வேறு விஷயம். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. எத்தனை நாள் கூட வைத்துப் பார்த்தாலும் எதிரே உட்காருகிறவர் ஒரு மனுஷன். அவர் பிள்ளையின் சட்டையைப் பார்ப்பார், இங்கிலீஷைப் பார்ப்பார், ஊரைக் கேட்பார், ஊரைக் கேட்டாலே மீதியைத் தெரிந்துகொள்வார். விடைத்தாளுக்கு அப்பா பெயர் கேட்கத் தெரியாது. என் அப்பா அதற்கப்புறம் 31 வருஷம் கணக்குப் பிள்ளையாக இருந்தார். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் நாடி பிடித்துப் பார்ப்பவர் அவர்தான். இவரிடமா இரக்கம் இல்லை என்று கண்டுபிடித்தார்கள்?

நெய்யூர் பேரன்:
அண்ணாச்சி, அப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று நாள் வேண்டும் என்கிறேன். மூன்று நாள் பார்த்திருந்தால் உங்கள் அப்பாவை எடுத்திருப்பார்கள்.

வடசேரிக்காரன்:
என் அப்பாவை வைத்து எனக்கே பதில் சொல்லாதீர்.

தக்கலை டீச்சர்:
என் மாணவி ஒருத்தி இந்த வருஷம் 7.5ல் விண்ணப்பிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்றிதழ் வாங்க அலைகிறோம், நடுவில் பள்ளி மாறியிருக்கிறாள். போன வருஷம் வாங்கிய யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நெய்யூர் பேரன்:
அண்ணாச்சிக்கு நாளை விவரமாக எழுதுகிறேன்.

வடசேரிக்காரன்:
எழுதும். முதல் வரியில் 275க்கு 75ஐப் பற்றி எழுதும், சோமர்வெல்லைப் பற்றி அப்புறம் பேசலாம்.