காதுக்குள் சுள்ளென்று அடிக்கும் இயர்போன்

வணக்கம் உறவுகளே, கரண்ட் விஷயம் தெரிந்த ஆட்கள் இருந்தால் சொல்லுங்கோ.

வீடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். சோளகக் காற்று (வறண்ட தென்மேற்குக் காற்று) தொடங்கின நாளிலிருந்து, இயர்போனோடு பிளாஸ்டிக் கதிரையை விட்டு எழும்பினால் காதுக்குள் ஊசி குத்தினது போல ஒரு சுள். பொலியெஸ்டர் சேர்ட் போட்ட நாளில்தான் கூட. பருத்திச் சாரத்தோடு வெறும் மேலாக இருந்தால் ஒன்றுமில்லை. சரி, இது உராய்வு மின்சாரம். காற்றில் ஈரம் குறைந்தால் உடம்பில் சேர்ந்த மின்னேற்றம் சுலபத்தில் கசியாது. ஏறக்குறைய 3,000 வோல்ட் சேர்ந்தால்தான் நமக்கே உறைக்குமாம், ஆனாலும் கணநேரம் என்பதால் பயமில்லை.

குழப்பம் வேறு. லப்டொப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு, வெறுங்காலைச் சீமெந்துத் தரையில் வைத்தபடி அதே இயர்போனை மாட்டினால் சுள் இல்லை, விடாமல் எறும்பு ஊர்கிற மாதிரி. லப்டொப்பின் உலோக மூடியை விரலால் மெல்லத் தடவினாலும் ஒரு அதிர்வு. சார்ஜரைக் கழற்றின உடனே நின்றுவிடும்.

சார்ஜர் இரண்டு பின், எர்த் இல்லை. உள்ளே இருக்கிற கபாசிற்றர் (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கிற சின்ன உறுப்பு) வழியாக 230 வோல்ட் லைனிலிருந்து துளியளவு கசிவது வழமை என்று தெரியும். வழமையான கசிவா, சார்ஜர் பழுதா என்று எப்படிப் பிரித்து அறிவது? வாங்கின கடையில் கேட்டால், "தம்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு பாவியுங்கோ" என்கிறார்கள்!

மூன்று பின் சார்ஜர் வாங்கினால் போதுமா? வீட்டு எர்த் கம்பி அப்பா காலத்தில் அடித்தது. அதை மீற்றர் வைத்து அளந்து பார்க்கிற வயர்மன் யாரையாவது தெரிந்தாலும் சொல்லுங்கோ.