பிறந்ததும் அழாத குழந்தை: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

லண்டனில் இருக்கும் நர்ஸ்:

பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்ஐசியு) வேலை பார்க்கிறேன். பிரசவத்தில் மூச்சு முட்டி, அழாமல் பிறந்து, மூளை பாதிப்பின் அறிகுறி காட்டும் குழந்தைகளைக் கூலிங் மெத்தையில் போடுவது இங்கே வழக்கம். 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 72 மணி நேரம் உடம்புச் சூட்டை 33.5 டிகிரியில் வைத்திருப்போம். தொட்டால் ஜில்லென்று இருக்கும் அந்தப் பிஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டு பெற்றவர்கள் மானிட்டரையே பார்ப்பார்கள். "சாச்சுரேஷன் 97 காட்டுதே, அப்ப மூளைக்கு ஒண்ணும் ஆகலதானே சிஸ்டர்?"

அந்த 97 ரத்தத்தில் ஆக்சிஜன் இருப்பதைத்தான் சொல்லும். அதை மூளை செல் எடுத்துப் பயன்படுத்துகிறதா என்பது வேறு விஷயம். மூச்சு திரும்பியதும் செல்களின் சக்தி ஓரளவு மீண்டுவிடும். ஆனால் சில மணி நேரம் போன பிறகு, ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா தளர்ந்து சக்தி மறுபடியும் சரியும். 1980களில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆஸ்மண்ட் ரேனால்ட்ஸ் குழு இதைக் கண்டது. இந்த இரண்டாவது சரிவைத் தடுக்கத்தான் கூலிங்.

அதே கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய ஒளிக் கருவியை ஒரு குழந்தைக்கு வைத்தபோது பக்கத்திலேயே நின்றேன். ஊசி கிடையாது. நெற்றி ஓரம் ஒளி இழை கோத்த ஒரு சின்னப் பட்டை, வெளி வெளிச்சம் புகாமல் மேலே கறுப்புத் துணி, அவ்வளவுதான். திரையில் சிவப்பும் நீலமும் ரத்தத்து ஆக்சிஜனுக்கு. பச்சைக் கோடுதான் முக்கியம்: மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஆக்சிஜனைச் செலவழிக்கும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற என்சைமின் நிலை. மூளைப் பாதிப்பு கடுமையான குழந்தைகளில், ரத்த அழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் கோடும் கூடவே ஆடுகிறது என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது. ஆனாலும் முதல் இரண்டு நாளிலேயே தொட்டிலருகே இதைப் பார்க்க முடிவது பெரிய விஷயம் என்று நான் நம்புகிறேன்.

ஒரு அப்பா:

சிஸ்டர் சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்கள் மகளுக்கு மெதுவாகச் சூடேற்றி முடித்த பிறகுதான் எம்ஆர்ஐ எடுத்தார்கள். அதுவரை "பார்க்கலாம்" என்பதுதான் பதில். அந்த ஸ்கேனோடு மூளையில் லாக்டேட், என்ஏஏ என்ற இரண்டு வேதிப்பொருட்களையும் அளந்தார்கள். லாக்டேட் ஏறி என்ஏஏ இறங்கியிருந்தால் செல்கள் சக்திக்குத் திண்டாடியிருக்கின்றன என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். உங்கள் ரிப்போர்ட்டில் அது இருந்தால் கட்டாயம் விளக்கம் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் குழந்தைகள் டாக்டர்:

நம் பக்கத்துக் கதையையும் சேர்க்க வேண்டும். இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளை வைத்து நடந்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021இல் வெளிவந்தது. அதில் கூலிங் பலன் தரவில்லை, இறப்பு கூடியது. படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. இங்கே பல குழந்தைகளுக்குப் பாதிப்பு வயிற்றிலேயே, பிரசவத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அப்படியானால் 6 மணி நேரக் கணக்கே பொருந்தாது. எந்தக் குழந்தையின் மைட்டோகாண்ட்ரியா இன்னும் தாக்குப்பிடிக்கிறது, எது ஏற்கெனவே விழுந்துவிட்டது என்று காட்டும் கருவி லண்டனைவிட எங்கள் வார்டுக்குத்தான் அவசரமாக வேண்டும். சிஸ்டர், அந்தப் பட்டையை மாட்டி அளவு தெரிய எவ்வளவு நேரம் ஆகிறது? ஒரு நர்ஸ் தனியாகவே கையாள முடியுமா?