மறுமொழி: த்ரெட் பிட்ச் கேஜை ‘மரைச்சீப்பு’ எனலாமா?

வணக்கம்.

போன வாரம் படம் போட்டுக் கேட்டிருந்தேனே, அந்தப் பொருள் இன்னதென்று தெரிந்துவிட்டது. த்ரெட் பிட்ச் கேஜ், அதாவது போல்ட், நட்டில் சுற்றிச் சுற்றி ஓடும் வரி (மரை) எந்த அளவு என்று பார்க்கும் கருவி. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் பேச்சு.

தாத்தா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்தவர். சேலத்து வீட்டுப் பரணில் கிடந்த அவருடைய டூல் பாக்ஸில்தான் இது இருந்தது. மடக்குக் கத்தி மாதிரி ஓர் உறை, அதில் ஒரே ஆணியில் கோத்த மெல்லிய எஃகுத் தகடுகள். இடுக்கின் அளவு பார்க்கும் ஃபீலர் கேஜ் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தகடு ஒவ்வொன்றிலும் பல் இருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்ததும் 20, 18, 16, 12 என்று எண்கள் தெரிந்தன, உறையில் 55°. செவ்வாய்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் கையில் வாங்கியதுமே, “மரை பார்க்கிறதுங்க இது” என்றார்.

அந்த 55 பாகை, 1841-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த மரைக் கோணம், அதாவது மரையின் இரு சரிவுகளுக்கு இடையே உள்ள கோணம். மெட்ரிக் மரைக்கு 60 பாகை. எண்கள், ஓர் அங்குலத்தில் எத்தனை மரை என்பதைச் சொல்கின்றன. விட்வொர்த் அரை அங்குல போல்ட்டில் 12 மரை. அமெரிக்க அரை அங்குலத்தில் 13. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நட்டைப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறி இறுகிவிடும், வம்படியாக முறுக்கினால் மரை போய்விடும். அதனால் தகட்டின் பல்லை போல்ட்டில் பதித்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார்கள். இடுக்கில் ஒளி தெரியாவிட்டால் அதுதான் அளவு.

சரி, இதற்கான தமிழ்ச் சொல்லுக்கு வருகிறேன். இங்கே நீங்கள் சொன்ன பெயர்களை முதலில் பார்ப்போம்.

> ‘திருகு அளவி’ என்றே சொல்லலாமே?

வேண்டாம் ஐயா. பள்ளி இயற்பியலில் கம்பியின் விட்டத்தை அளக்கும் கருவிக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. புரிக்கோல், தலைக்கோல் என்ற அளவுகோல்கள் எல்லாம் அதைச் சேர்ந்தவை. அதே பெயரை இதற்கும் வைத்தால் ஐடிஐ மாணவர் குழம்பிப்போவார்.

> ‘புரியிடை அளவி’?

பிழையில்லை, புரி என்றாலும் மரைதான். ஆனால் பட்டறையில் யாரும் புரி என்பதில்லை. மரை தேய்ந்தது, மரை கழன்றது, மரை போட வேண்டும் என்றுதான் பேச்சு. மரை என்றால் சங்கப் பாட்டில் வரும் விலங்கு என்று இங்கே ஓர் அக்கா எழுதியிருந்தார். உண்மைதான், ஆனால் போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது அந்தக் குழப்பம் வராது.

என் முன்மொழிவு: மரைச்சீப்பு. பல் இருப்பதால் தலைச்சீப்பு நினைவுக்கு வரும். தகடுகளை விரித்தால் ஒரே காம்பில் பிரியும் வாழைச்சீப்பேதான். முதல்முறை பார்ப்பவருக்கும் பெயரே உருவத்தைக் காட்டிவிடும்.

அப்புறம், தகட்டுக்கு ‘அலகு’ என்று ஒருவர் சொன்னார். அளக்கும் கருவியில் அந்தச் சொல் மில்லிமீட்டரா அங்குலமா என்பதைக் குறிக்கத் தேவைப்படும். ‘இதழ்’ என்போம். “மரைச்சீப்பில் 12-ஆம் இதழ் சரியாக உட்காருகிறது, விட்வொர்த் நட்டு எடு” என்று அந்த அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்.