தி இங்கிலிஷ் பேஷண்ட்: நாவலில் உள்ள ஹிரோஷிமா படத்தில் ஏன் இல்லை?

கல்லடி வாசகி:
எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் மைக்கல் ஒண்டாச்சியின் ‘தி இங்கிலிஷ் பேஷண்ட்’ நாவலையும், அதைத் தழுவி அந்தனி மிங்கெல்லா இயக்கி 1996இல் வெளிவந்த திரைப்படத்தையும் நான் அறிமுகம் செய்யவேண்டியிருக்கிறது. கொழும்பில் பிறந்தவரின் நாவல் 1992இல் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டதும், படம் ஒன்பது ஒஸ்கார் விருதுகளைப் பெற்றதும் பலரும் அறிந்தவை. என்னை உறுத்துவது வேறு. நாவலில், இத்தாலியில் வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் சீக்கிய இளைஞன் கிப், ஹிரோஷிமாச் செய்தியை வானொலியில் கேட்டதும் துப்பாக்கியுடன், உடல் எரிந்து படுத்திருக்கும் அந்த ‘ஆங்கில’ நோயாளியின் அறைக்குள் நுழைகிறான். பின்னர் நோயாளியைப் பராமரிக்கும் தாதியும் தன் காதலியுமான ஹானாவையும் விட்டு நீங்கிவிடுகிறான். படத்தில் இது அறவே இல்லை. இந்த நீக்கத்தால் கதை எதை இழந்தது? படத்தை முதலில் காட்டுவதா, நாவலை முதலில் பேசுவதா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை.

கல்முனை ஆசிரியர்:
மகள், கதை தன் கோபத்தை இழந்தது என்றே நான் கருதுகிறேன். போரால் சிதைந்த ஒரு மாளிகையில் ஒதுங்கிய நால்வருக்கும் நாவல் இடம் கொடுக்கிறது. படமோ அந்த நோயாளியான அல்மாசிக்கும் மணமான கத்தரினுக்கும் முன்பு பாலைவனத்தில் மூண்ட காதலையே நடுவில் வைத்து, மற்றவர்களை அதைச் சுற்றி நிறுத்துகிறது. நாவலில் கிப்பின் அண்ணன் ஆங்கிலேயரை எதிர்த்துச் சிறை சென்றவன். கிப்போ தனக்குத் தொழில் கற்பித்த ஆங்கிலப் பிரபுவை நேசித்து, அவர்களுடைய படையில் உயிரைப் பணயம் வைத்தவன். ஆசிய நகரம் ஒன்று எரிந்த செய்தி வந்த அந்தக் கணத்தில், அண்ணன் சொன்னதெல்லாம் சரிதானோ என்ற கேள்வி அவனைப் பிளந்துவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் அவன் பிரிவு வெறும் துயரமாகச் சுருங்கிவிடுகிறது. பன்னிரண்டு பரிந்துரைகளுள் ஒன்றான தழுவல் திரைக்கதை விருது படத்துக்குக் கிடைக்காததை நான் இதற்குச் சான்றாகக் காட்டமாட்டேன்; அந்தத் திரைக்கதை மிகுந்த உழைப்பில் உருவானது. இன்னொன்றையும் கூட்டத்தில் சொல்லுங்கள்: அல்மாசி என்ற பெயரில் ஹங்கேரியப் பாலைவன ஆய்வாளர் ஒருவர் உண்மையில் இருந்தார். அவர் போரில் எரிந்து மாண்டவர் அல்லர். 1951இல் நோயுற்று இறந்தார்.

வாகரைப் பக்கத்தான்:
ஆசிரியர் ஐயாவின் கருத்தை மதிக்கிறேன், ஆனால் முழுமையாக ஏற்க என்னால் இயலவில்லை. போர் முடிந்த பின்னர் எங்கள் பக்கத்தில் மிதிவெடி அகற்றும் அணியொன்றில் மூன்று ஆண்டுகள் மண்டியிட்டு, சாண் சாணாக மண்ணைத் தடவி வேலை செய்தவன் நான். படத்தில் கிப் குழிக்குள் குண்டோடு போராடிக்கொண்டிருக்கும்போது, போர் முடிந்த மகிழ்ச்சியில் தாங்கிகள் ஆரவாரத்தோடு மேலே பாலத்தைக் கடக்கின்றன. அந்த அதிர்வு குண்டுக்கும் இறங்குகிறது. அந்தக் காட்சியைப் பார்த்தபோது என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. பிறகு, வெற்றியைக் கொண்டாடும் இரவில் அவனுடைய தோழன் ஹார்டி பொறிவெடியில் சிக்கி இறக்கிறான். சமாதானம் வந்துவிட்டது என்று ஊர் சொல்லும் நாளிலும் மண்ணுக்குள் இருப்பது தன் வேலையைச் செய்யும் என்பதை, தங்கச்சி, எங்களைவிட யார் அறிவார்? கிப் கதவைச் சாத்திக்கொண்டு யாரோடும் பேசாமல் இருப்பது வெறும் துயரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏறாவூர் படத்தொகுப்பு மாணவன்:
தொகுப்பாளர் வோல்டர் மேர்ச்சின் சிக்கலையும் கருதுங்கள். நாவலில் நினைவு எந்த வரியிலிருந்தும் எந்த ஆண்டுக்கும் தாவலாம். படத்தில் ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் ஒலியோ உருவமோ கைகொடுக்க வேண்டும். பாலைவனத்துக்கும் மாளிகைக்கும் இடையே ஏற்கெனவே இத்தனை முறை போய்வரும் படம், இறுதியில் ஜப்பானையும் உள்ளே கொண்டுவந்திருந்தால் கத்தரின் குகைக்குள் தனியே இறக்கும் பகுதியின் கனம் குறைந்திருக்கும்.

கல்லடி வாசகி:
அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். பாலத்துக் காட்சியை நான் வெறும் பரபரப்புக்காக வைத்ததென்றே எண்ணியிருந்தேன். ஆசிரியர் ஐயா, இப்போது எதை முதலில் வைப்பது?

கல்முனை ஆசிரியர்:
வாகரைத் தம்பி சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஹார்டியின் சாவை நான் குறைத்து மதித்துவிட்டேன். ஆயினும் ஹிரோஷிமாவின் இடத்தை அது நிரப்பிவிட்டது என்பதை இன்னும் ஏற்கமாட்டேன். தோழனுக்காக அழுபவன் மீண்டும் அதே படைக்குத் திரும்பலாம், நாவலின் கிப்பால் அது முடியாது. மகள், படத்தை முதலில் காட்டுங்கள். 162 நிமிடங்கள் ஓடும் என்பதால் பிற்பகல் இரண்டு மணிக்கே தொடங்கிவிடுங்கள். விளக்கைப் போட்டதும் யாரையும் பேச விடாமல், கிப் வானொலியைக் கேட்கும் பகுதியிலிருந்து நாவலின் முடிவுவரை நீங்களே உரக்க வாசியுங்கள். பல ஆண்டுகள் கழித்து ஹானா எங்கோ கனடாவில் இருக்க, மருத்துவனாகிவிட்ட கிப் இந்தியாவில் தன் பிள்ளைகளோடு உணவருந்தும்போது, மகளின் கையிலிருந்து நழுவும் முட்கரண்டியைத் தரையில் விழுமுன் பிடித்துவிடுகிறான். குண்டுகளோடு பழகிய அந்தக் கையைப் பற்றி, வாகரைத் தம்பியால் வர முடிந்தால், அவரையே முதலில் பேச அழையுங்கள்.