'சாட்டிஸ்ஃபை' என்றால் எப்போதும் திருப்திதானா?

கேள்வி:
அப்பாவின் பழைய கடன் வழக்குத் தாள்களை அம்மாவுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு தாளில் 'டிக்ரி ஃபுல்லி சாட்டிஸ்ஃபைடு' என்று இருக்கிறது. 'தீர்ப்பாணை முழுத் திருப்தி அடைந்தது' என்று எழுதிப் படித்துக் காட்டினேன். "யாருக்குத் திருப்தி? நமக்கா, கடன் கொடுத்தவருக்கா?" என்று கேட்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளியில் கணக்கு வாத்தியாரும் 'இந்த மதிப்பு சமன்பாட்டை சாட்டிஸ்ஃபை பண்ணும்' என்பார், சமன்பாட்டுக்கு என்ன திருப்தி என்று அப்போதே இடறியது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பதில் 1:
தம்பி, நான் வக்கீல் குமாஸ்தா. தீர்ப்பில் சொன்ன தொகை முழுவதும் கட்டியாகிவிட்டது, அந்தத் தீர்ப்பை வைத்து இனி யாரும் வசூலிக்க வர முடியாது என்று முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். திருப்தி என்ற பேச்சே அங்கே இல்லை. பணத்தைக் கோர்ட்டுக்கு வெளியே கொடுத்திருந்தால் அதைக் கோர்ட்டில் பதிவு செய்தாக வேண்டும் (உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், கட்டளை 21, விதி 2), இல்லாவிட்டால் கொடுத்தது கணக்கில் வராது. அதனால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவிலும் இந்தச் சொல் வருகிறது, வரவேண்டியதற்குப் பதிலாக வேறொன்றை ஏற்றுக்கொள்வது என்ற பொருளில்.

பதில் 2:
குமாஸ்தா ஐயா சொன்னதுதான் இந்தச் சொல்லின் பழைய பொருள். லத்தீனில் 'சாட்டிஸ்' என்றால் போதும், 'ஃபாக்கெரே' என்றால் செய்வது. போதும் என்னும் அளவுக்குச் செய்வது, அவ்வளவுதான். பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது கடனை அடைப்பது, செய்த பாவத்துக்கு ஈடு செய்வது என்றெல்லாம் பொருள் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தனம் முடிந்ததும் செய்யும் பரிகாரத்துக்கு இன்றும் அதே பெயர்தான். அப்புறம் மானம் போனது என்று துப்பாக்கியோடு நேருக்கு நேர் நிற்பார்களே, 1780இல் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவருடைய ஆலோசனைக் குழுவில் இருந்த பிலிப் ஃபிரான்சிஸும் சுட்டுக்கொண்ட மாதிரி, அப்படிச் சண்டைக்கு அழைப்பதையும் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' கேட்பது என்றுதான் சொன்னார்கள். அதுவும் ஒரு பாக்கி வசூல்தான். சமன்பாட்டிலும் அதே கதை: கேட்ட நிபந்தனைக்கு அந்த மதிப்பு ஈடு கொடுக்கிறது. நம் கணக்குப் புத்தகத்தில் 'நிறைவு செய்யும்' என்று போடுகிறார்களே, அது எவ்வளவு பொருத்தமான சொல்!

பதில் 3:
ஒன்று சேர்க்கிறேன். சொத்து என்ற பொருளில் சொல்கிற 'அசெட்' கூட அந்த 'சாட்டிஸ்' வழி வந்ததுதான், இறந்தவரின் கடனை அடைக்கப் போதுமான உடைமை என்பதே அதன் பழைய பொருள். எனக்கு மிகவும் பிடித்தது 'சேட்'. இன்று சோகம், பழைய ஆங்கிலத்தில் வயிறு நிரம்பியவர், போதும் போதும் என்று ஆனவர். ஜெர்மனில் இன்றும் 'சாட்' என்றால் வயிறு நிரம்பியது என்றுதான் பொருள். 'சேட்', 'சாட்' இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை அல்ல, ஆனால் 'சாட்டிஸ்' உட்பட எல்லாம் இன்னும் பழைய ஒரே வேரின் கிளைகள். நிரம்பியது அலுப்பாகி, அலுப்பு சோகமாகிவிட்டது!

உங்கள் தாளுக்கு வருகிறேன். 'பைசல்' என்று நம்மிடம் அருமையான சொல் இருக்கிறதே, அதைப் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. 'கடன் முழுவதும் பைசல்' என்று எழுதிப் படித்தேன். அம்மா தாளை வாங்கி நான்காக மடித்து, வீட்டுப் பத்திரம் இருக்கிற தகரப் பெட்டியில் வைத்துவிட்டார்.